கழித்துக்கொள்

ரங்கூன், முப்பத்தெட்டாம் தெரு.
படி ஏற ஏற வாடகை இறங்குகிற ஊர் இது.
ஆறாவது மாடியில் நான்,
தரையில் வீட்டுக்காரி டோ லா யின்.
முழங்கால் போய் ஒன்பது வருஷமாம்,
தன் கூரையை அவள் கடைசியாகப் பார்த்தும்
ஒன்பது வருஷம்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான்
எல்லாம் பேசி முடித்தாள்.
மாதம் மூன்று லட்சம் சாட்.
உடைந்ததை நீயே சரிசெய், செலவை எழுதி அனுப்பு,
வாடகையில் கழித்துக்கொள்.
மேலே வந்து பார்க்கமாட்டேன் என்றாள்,
அதுவும் ஒரு ஷரத்து போல.

என் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு.
கீழ் நுனியில் கிளிப், மேலே என் பக்கம் மணி.
பேப்பர் ஏறும், பையில் கட்டின மொஹிங்கா ஏறும்,
மாசக் கடைசியில் என் சீட்டு இறங்கும்.

ஜூன்:
கூரைத் தகரத்தில் நாலு ஓட்டை, தார் ஒரு டின், பதினெட்டாயிரம்.
குழாய் வாஷர், எழுநூறு.
(எழுநூறுக்கு ஒரு வரியா, ஆயிரமாகப் போடு
என்று பதில் ஏறி வந்தது.)
ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வந்ததும்
இருமி இருமி நின்றுபோகும் பம்ப்,
மெக்கானிக் நாற்பதாயிரம் கேட்டான்,
நானே பிரித்தேன்.
உள்ளே ஒரு பல்லி.
பல்லிக்கு என்ன விலை போடுவது?
எழுதாமல் விட்டேன்.

அப்படி இருந்தவள்தான் நான்.

ஆகஸ்டில் பெகுவிலிருந்து தம்பி கூப்பிட்டான்.
அவன் பெண்டாட்டிக்கு ஏழாம் மாதம், ரத்தம் ஏற்றவேண்டும்.
இருந்ததை அனுப்பிவிட்டு
வாடகைக்கு எண்ணிப் பார்த்தால்
எட்டாயிரம் குறைந்தது.

தெருப்பக்கத்து ஜன்னல் கதவு அப்போது
ஒற்றைக் கீலில் தொங்கிக்கொண்டிருந்தது.
காற்றடித்தால் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சலாம் போடும்.
எழுதினேன்:
ஜன்னல் கீல், மாற்றியது, கூலி சேர்த்து எட்டாயிரம்.
பர்மா எழுத்து முழுக்க வட்டம்.
பொய் அதில் எங்கும் இடிபடாமல்
உருண்டு இறங்கிப் போனது.

அன்று மணி அடிக்கவில்லை.
மறுநாளும் இல்லை.
மூன்றாம் நாள் சாயங்காலம் அடித்தது,
இழுத்தால் கயிறு கனத்தது.
லுங்கித் துணியில் ஒரு முடிச்சு.
அவிழ்த்தால் பித்தளைக் கீல்,
எண்ணெய் பூசினது, ஆறு திருகாணி,
ஐந்து ஒரே ஜாதி, ஒன்று வேறே.
கூடவே ரசீது. எட்டாயிரம் கழித்திருந்தாள்.
பின்பக்கம் நாலு வரி:
மா பிலோமினா,
என் வீட்டுக்காரர் கப்பலில் இருந்தபோது கொண்டுவந்தது.
அடுத்த தடவை கடையில் வாங்காதே.
இது துருப்பிடிக்காது.

கீலைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.
ஆறு மாடிக்குக் கீழே அதே நாற்காலி,
மடியில் வெற்றிலைப் பெட்டி,
அண்ணாந்த முகம்.
அவளுக்கு எட்டாதது படிதான்,
இந்த ஜன்னல் இல்லை.
தினமும் சாயங்காலம் அங்கேதான் உட்காருகிறாள் என்பது
எனக்குத் தெரியாததா?

கரண்ட் போவதற்குள் முடித்துவிட வேண்டும்.
பழைய ஓட்டைகளைச் செல் அரித்திருந்தது,
தீக்குச்சிகளை ஒடித்து உள்ளே அடைத்து
ஐந்து திருகாணியை ஏற்றினேன்.
ஆறாவது கடைசிவரை இறங்கவில்லை,
தலை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.
அப்படியே விட்டேன்.

செப்டம்பர்ச் சீட்டில் ஒரே வரி:
ஜன்னல் கீல், மாற்றியது, கூலி இல்லை.
கட்டில் மூன்று லட்சத்து எட்டாயிரம் வைத்து
ரப்பர் வளையம் போட்டு இறக்கினேன்.
அவள் எண்ணுவது மேலிருந்து தெரிந்தது,
ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை.

கொஞ்ச நேரம் கழித்து மணி.
கிளிப்பில் ஒரு துண்டுக் காகிதம்:
கயிறு நைந்திருக்கிறது.
நல்லதாக ஒன்று வாங்கு,
கழித்துக்கொள்.